மாத்திரை தவறும் மாலைகள்: தமிழகத்தில் மதுவும் எச்.ஐ.வி. மருத்துவமும்

தமிழகத்தின் மது வரலாறு பெரும்பாலும் சட்டத்தின் வரலாறாகவும் கருவூலத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது; எச்.ஐ.வி.யின் வரலாறோ ஆய்வகக் கண்டுபிடிப்பின் வரலாறாகவும் விழிப்புணர்வு விளம்பரங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே மனிதர்களின் உடலில் வந்து கூடியவை என்பதும், அப்படிக் கூடிய இடத்தில் மருத்துவம் நோயாளியிடம் என்ன மொழியில் பேசியது என்பதும் தனியே ஆராயப்பட வேண்டியவை. மின்சார ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கே பெயர் கொடுத்து நிற்கும் தாம்பரம் சானடோரியத்தை நடுவில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய நூறாண்டுக் காலத்தில் அம்மொழி எங்கிருந்து வந்தது, எதை மறந்தது என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மருத்துவத்தில் 'தீங்கான மதுப் பயன்பாடு' என்று சொல்லப்படுவது 'குடிநோய்' என்பதற்கு மாற்றுப்பெயர் இல்லை. காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்ட மது அடிமைநிலை அதன் ஒரு முனை. வாரத்தில் ஆறு நாள் தொடாமலிருந்து சம்பள நாளில் மட்டும் அளவு மீறிக் குடிப்பவர் அதன் இன்னொரு முனை. இருவருக்கும் இடையே, தம்மைக் குடிகாரர் என்று எண்ணாத, ஊராரும் அப்படி அழைக்காத ஏராளமானோர் இருக்கிறார்கள். அளவு என்பதும் நாட்டுக்கு நாடு பழக்கத்தால் மாறுவது. தமிழகத்தில் குடிப்பவர் நாவில் அலகாக நிற்பது 'குவார்ட்டர்', அதாவது 180 மில்லி லிட்டர். அதை இருவர் பகிர்ந்துகொண்டால் 'கட்டிங்'. இங்கு விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் என்பதால், ஒரு குவார்ட்டருக்குள் இருக்கும் தூய ஆல்கஹாலின் எடை ஏறக்குறைய 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் 'மிகுகுடி அமர்வு' என்று வகுத்திருக்கிறது. 'ஒரு குவார்ட்டர்தான் சாப்பிட்டேன்' என்று ஒருவர் தணிந்த குரலில் சொல்வது, மருத்துவக் கணக்கில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சொல்வதே ஆகும். இந்தக் கணக்கு நோயாளிக்கு மட்டுமின்றி, அவரிடம் கேள்வி கேட்பவருக்கும் பல நேரங்களில் தெரிவதில்லை.

சென்னை மாகாணத்தில் மது ஆங்கிலேயர் காலத்து ஆப்காரி முறையின்கீழ், ஏலம் விடப்பட்ட கள்ளு, சாராயக் கடைகளின் வழியே அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாக இருந்தது. 1937-இல் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த இராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்ததும், இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியை அறிமுகப்படுத்தியதும் பலரும் அறிந்தவை. போர்க்காலத்தில் தளர்ந்த அச்சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதன் பலன் பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடுப்பங்கரையிலேயே தெரிந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சட்டம் சமூகத்தின் நாவில் ஒரு பிரிவினையையும் விட்டுச்சென்றது: மனிதர்கள் குடிப்பவர், குடிக்காதவர் என இரு சாதியாயினர், குடிப்பவர் குற்றவாளியாகவோ, மருத்துவச் சான்று காட்டி 'பெர்மிட்' வாங்கியவராகவோ மட்டுமே அரசின் கண்ணில் பட்டார், எவ்வளவு, எப்போது, எதனால் என்ற கேள்விகளுக்கு அந்த மொழியில் இடமில்லாமல் போயிற்று.

மதுவிலக்குக்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாக, 1928-இல், தாம்பரத்துக்கு அருகே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நிறுவியவர் மருத்துவர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் நடத்திவந்த அவரிடமே, கணிதமேதை இராமானுஜன் 1917-இல் நோயாளியாகத் தங்கியிருந்தார். தூய காற்று, வெயில், ஓய்வு, ஒழுங்கான உணவு, கட்டுப்பாடான வாழ்க்கை என்பதே அக்காலச் சிகிச்சை. நோயாளியை அவருடைய ஊரிலிருந்தும் பழக்கங்களிலிருந்தும் பிரித்து வைப்பது அதன் அடிப்படைக் கருத்து. 1937-இல் இந்த இல்லம் அரசின் பொறுப்புக்கு வந்தது. மதுவிலக்கும் சானடோரியமும் ஒரே ஆண்டில் அரசின் கைக்கு வந்தது தற்செயலே என்றாலும், இரண்டும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றவை: தீங்கு செய்வதிலிருந்து மனிதரைத் தள்ளி வைத்துவிட்டால் அவர் நலமடைந்துவிடுவார் என்பதே அது.

அந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உள்ளாக்கிய ஆய்வு நடந்ததும் இதே நகரில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடந்த ஒப்பீட்டில், நெரிசலான வீடுகளில் போதிய உணவின்றி வாழ்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தபடியும், மற்றொரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கியும் ஓராண்டு ஒரே மருந்துகளை எடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பியது: மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமானால், வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்தது இல்லை.

இங்கு நின்று கவனிக்க வேண்டியது அந்த 'மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுமானால்' என்ற நிபந்தனையைத்தான். சேத்துப்பட்டுக் குழுவினர் அதை நோயாளியின் வாக்குறுதிக்கு விட்டுவிடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மிச்ச மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தனர். படித்தவரும் படிக்காதவரும், நல்லவர் என்று பெயரெடுத்தவரும் எடுக்காதவரும் மருந்தைத் தவறவிடக்கூடும், யார் தவறவிடுவார் என்று முகத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியாது என்பது ஃபாக்ஸ் அடைந்த தெளிவு. எனவே தவறுதலை ஒழுக்கக்கேடாக எண்ணாமல், எதிர்பார்த்து அளந்து சரிசெய்ய வேண்டிய ஒன்றாக அவர் கருதினார். நோயாளி கண்ணெதிரே மருந்து விழுங்கும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியதற்கு அங்கிருந்தே ஒரு வேர் செல்கிறது. மருந்துத் தொடர்ச்சி, அதாவது விதித்த மருந்தை விதித்த வேளையில் விடாமல் எடுத்தல், என்பதை நோயாளியைப் பழிக்காமல் ஆராயும் மரபு ஒன்று சென்னையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது; பின்னால் மதுவின் விஷயத்தில் அது கைவிடப்பட்டது என்பதே வருத்தத்துக்குரியது.

மதுவின் பக்கத்தில் அடுத்த முப்பதாண்டுகள் வேகமாக மாறின. 1971-இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது, 1973, 1974 ஆண்டுகளில் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மீண்டும் மூடியது, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு அவற்றைத் திறந்தது. 1983-இல் வெளிநாட்டு வகை மதுவின் மொத்த விற்பனைக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், மக்கள் வழக்கில் டாஸ்மாக், உருவானது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மறுபடி தடைசெய்யப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக நடந்த இந்த நீண்ட விவாதத்தில், குடித்துக்கொண்டிருப்பவரை எப்படி நடத்துவது என்ற கேள்வியை அரசியல் அரங்கு பெரும்பாலும் எழுப்பவே இல்லை. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற சில நிறுவனங்களே மதுப் பழக்கத்தை நோயாகக் கருதிச் சிகிச்சை தந்தன. அங்கும் முழு விலகலே இலக்கு, அதற்குத் தயாரானவரே உள்ளே வந்தார்.

இந்தச் சூழலில்தான் 1986-இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவைப் பாலியல் தொழிலாளரிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரிக்கச் செய்தார். அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் 6 மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இது ஆவணப்பட்ட முதல் தொற்று. அதன் பின்னர் நோயைச் சுற்றி எழுந்த பேச்சு, யாரிடமிருந்து வந்தது, யார் ஒழுக்கம் தவறினார் என்ற திசையிலேயே ஓடியது. காப்பகத்துப் பெண்கள்மீதே முதற்பழி விழுந்தது.

தாம்பரம் சானடோரியம் 1993 வாக்கில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரை உள்நோயாளிகளாக ஏற்கத் தொடங்கியது. பிற மருத்துவமனைகள் தொடவே தயங்கிய காலத்தில் அதன் கதவு திறந்திருந்ததால், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவிந்தனர். எச்.ஐ.வி.யோடு வரும் காசநோயே அவர்களுள் பெரும்பாலோரின் உடனடி ஆபத்து என்பதால், காசநோய்க்கென்று கட்டப்பட்ட இடம் அவர்களுக்கு உரிய இடமாகவும் அமைந்தது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அன்று ஏழைகளுக்கு எட்டாதவை. கண்காணிப்பாளராயிருந்த மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது, கையறு நிலையில் கையில் இருந்ததைக் கொண்டு நோயாளியை விட்டுவிடாமல் நின்ற ஒரு முயற்சி. அதன் மருத்துவப் பயன் பற்றி விவாதம் இருக்கலாம். படுக்கையருகே வந்து நின்றதன் மதிப்பு பற்றி விவாதம் இருக்க முடியாது.

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் அமைந்தது. நாட்டில் முதன்முதலாக அமைந்த மாநிலச் சங்கம் அது. நாமக்கல்லை மையமாகக் கொண்ட லாரித் தொழில், நெடுஞ்சாலை உணவகங்கள், வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநர்கள் என்று தடுப்புப்பணியின் கவனம் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி நின்றது. ஊரே அதைப் பேசியது. பெண்களைப் பழிக்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. அக்காலத் தடுப்புப்பணியில் மது இடம்பெற்றபோதெல்லாம் அது பாதுகாப்பற்ற உடலுறவுக்கு இட்டுச்செல்லும் வாசலாகவே பேசப்பட்டது. சுனிதி சாலமன் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வு ஒன்றில், சீனம், பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகியவற்றில் வேறு வேறு கூடுமிடங்கள் தேர்ந்தெடுக்கப்பட, சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கூடுமிடம் குடிசைப் பகுதிகளை ஒட்டிய ஒயின் ஷாப் ஆகும். அங்கு வருவோருள் பிறரால் மதிக்கப்படுவோரைப் பயிற்றுவித்து, அவர்கள் வாயிலாக நண்பர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பேசவைப்பது திட்டம். 2010-இல் வெளியான முடிவில், பயிற்சி நடந்த இடங்களிலும் நடக்காத இடங்களிலும் ஆபத்தான நடத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. திட்டத்துக்கென்று தனிப்பயன் தெரியவில்லை. ஆயினும் மதுக்கடையை ஒழிக்க வேண்டிய இடமாக மட்டும் கருதாமல், மனிதர்கள் பேசிக்கொள்ளும் இடமாகக் கண்டு அங்கேயே சென்றது ஒரு புதிய பார்வை. அது மருத்துவமனைக்குள் போதிய அளவு நுழையவில்லை என்பதே குறை.

2003 நவம்பர் இறுதியில் சில்லறை மதுக்கடைகள் அனைத்தும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தன. அதற்கு இடமளித்தது வேறொரு சட்டமன்று. இராஜாஜி காலத்து 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே திருத்தப்பட்டு, மது விற்கும் தனியுரிமையை அரசு நிறுவனத்துக்குத் தந்தது. நான்கு மாதம் கழித்து, 2004 ஏப்ரல் 1 அன்று, இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, நாட்டில் முதலில் தேர்வான எட்டு மையங்களுள் ஒன்றாகத் தாம்பரம் அமைந்தது. மருந்து எட்டாக்கனியாக இருந்த நாள்களை அறிந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மாநில அரசும் இந்திய அரசும் ஓராண்டுக்குள் திறந்த இந்த இரண்டு சாளரங்களின் முன்னும் சில மனிதர்கள் மாறி மாறி வந்து நின்றார்கள் என்பதை இரு துறைகளில் எதுவும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டு மருந்தின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் மதுவின் தாக்கம் விளங்கும். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் என்ற மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் அடங்கியவை. காலை ஒன்று, இரவு ஒன்று, மாதத்துக்கு அறுபது. அடுத்த மாதம் வரும்போது டப்பாவில் எத்தனை மிச்சம் என்று எண்ணி, நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும் என்பது அக்கால விதி. அறுபதில் மூன்று தவறினால் சரியாக 95. நான்காவது தவறினால் விதி உடைந்துவிடும். மாதத்தில் ஒரே ஒரு வாரக்கடைசியில் குடித்து, சனிக்கிழமை இரவு, ஞாயிறு காலை, ஞாயிறு இரவு, தலைவலியோடு எழுந்த திங்கள் காலை என்று நான்கு வேளை விட்டுப்போனால், மற்ற இருபத்தேழு நாளும் வேளை தவறாமல் எடுத்தவரும் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். அதைவிடக் கொடியது மருந்துகள் உடலை விட்டு நீங்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு: மற்ற இரண்டும் விரைவில் நீங்கிவிட, நெவிராபின் மட்டும் பல நாள் இரத்தத்தில் தங்கும். மூன்று காவலர் நிற்க வேண்டிய வாசலில் ஒருவர் மட்டும் அரைத்தூக்கத்தில் நிற்பதற்கு ஒப்பான அந்த இடைவெளியில், வைரஸ் சிறு மாற்றம் ஒன்றைச் செய்துகொண்டு அம்மருந்தைச் செயலற்றதாக்கிவிடும். இதுவே மருந்து எதிர்ப்பு. அது வந்துவிட்டால், பின்னர் எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும் பழைய மாத்திரை பயன்படாது.

குடித்தவர் மாத்திரையை விடுவது மறதியால்தான் என்று எண்ணுவது இயல்பு. அது பாதி உண்மையே. மறு பாதி, மதுவும் மாத்திரையும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் நஞ்சாகிவிடும் என்ற அச்சம். பல நாடுகளின் நோயாளிகளிடையே ஆய்வாளர்கள் இதைக் கண்டு, 'கலப்பு நச்சு நம்பிக்கை' என்ற பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை உடையவர், குடிக்கப் போகும் நாளில் தெரிந்தே மாத்திரையை விடுகிறார். தம் உடலைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்தே விடுகிறார். இதற்கு விதையிட்டதில் மருத்துவத்துக்கும் பங்குண்டு. வயிற்றுப்போக்குக்கும் பல் வலிக்கும் ஊரெங்கும் தரப்படும் மெட்ரோனிடசோல் போன்ற சில மருந்துகளோடு குடித்தால் குமட்டலும் படபடப்பும் வரக்கூடும் என்பதால், 'இது சாப்பிடுறப்போ குடிக்கக் கூடாது' என்று சொல்வது நியாயமானது. அந்த எச்சரிக்கை எல்லா மாத்திரைக்கும் பரவியது. கூட்டு மருந்து தொடங்கும்போதும் 'குடியை விட்டால்தான் மருந்து' என்ற தொனியில் அறிவுரை சொல்லப்பட்டபோது, நோயாளியின் மனத்தில் அது 'குடித்தால் மருந்து கூடாது' என்று தலைகீழாகப் பதிந்தது. மதுவிலக்கின் இரட்டைப் பிரிவு இங்கே மருந்துச் சாளரம்வரை வந்துவிட்டது. குடியை ஒரே நாளில் விட முடியாதவருக்கு விடக்கூடியதாக எஞ்சியது மாத்திரை ஒன்றுதான். வரும் மாதம் உண்மை சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சியவர் மிச்ச மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு வரலாம். இன்னும் அஞ்சியவர் வராமலே இருந்துவிடலாம். பதிவேட்டில் அவர் 'தொடர்பு விட்டுப்போனவர்' ஆகிறார்.

உடலுக்குள் நடப்பவை வேறு. மிகுகுடி ஈரலைத் தாக்குகிறது. நெவிராபினும் ஈரலைத் தாக்கக்கூடியது. காசநோய்க்கான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றும் அவ்வாறே. எச்.ஐ.வி.யும் காசநோயும் மதுவும் ஒருவரிடம் சேர்ந்தால் அந்த ஒரே உறுப்பு எல்லாவற்றையும் தாங்க வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் ஆல்கஹால் அருந்துவோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆனால் காசநோய் வராமல் தடுக்க எச்.ஐ.வி. உள்ளோர்க்குத் தரப்படும் ஐசோனியசிட், மிகுதியாகக் குடிப்பவருக்கு ஈரல் பாதிப்பை அஞ்சித் தவிர்க்கப்படுகிறது. அதிக ஆபத்தில் இருப்பவரே காப்பு மருந்துக்கு வெளியே நிற்க நேர்கிறது. நரம்பின் கதையும் இதுதான்: ஸ்டாவுடின் உள்ளங்கால் எரிச்சலைத் தரும், ஐசோனியசிட் தரும், நெடுநாள் குடியும் தரும். மூன்றும் சேர்ந்த கால்களை இரவில் தரையில் வைக்க முடியாது. தூக்கம் வர வேண்டிக் குடிப்பதும், எரிச்சலுக்குக் காரணம் மாத்திரையே என்று அதை நிறுத்துவதும் ஒருவருக்கு ஒரே இரவில் நேரக்கூடியவை.

குடிக்காதவர்களையும் இது விட்டுவைக்கவில்லை. தமிழகத்தில் தொற்றுக்கு ஆளான பெண்களுள் பெரும்பாலோர் கணவரிடமிருந்தே அதைப் பெற்றவர்கள். கணவரின் குடியால் வீட்டில் காசு நிற்காதபோது மருத்துவமனைக்குப் போகும் பேருந்துக் கட்டணமும் நிற்பதில்லை. மருந்து இலவசமாக இருந்தாலும் பயணமும் ஒரு நாள் கூலியும் இலவசம் இல்லை. சென்னையில் 1998-இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களே கூடித் தமக்கென்று ஒரு கூட்டமைப்பை நிறுவியது, இத்தகைய துன்பங்களைத் தாமே பேசினால்தான் பேசப்படும் என்று உணர்ந்ததால்தான்.

மது பற்றி ஒன்றுமே கேட்கப்படவில்லை என்று சொல்வது தவறு. கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் நோயாளிக்கென்று ஒரு வெள்ளை அட்டையும், அவர் கையில் ஒரு பச்சைப் புத்தகமும் உண்டு. அட்டையில் மதுப் பழக்கத்துக்கென்று ஒரு வரியும் உண்டு. பழக்கமாகவா, எப்போதாவதா, இல்லையா என்ற அளவில் குறிக்கப்படும் அந்த வரி, பெரும்பாலும் முதல் நாள் குறித்ததோடு நின்றுவிடுகிறது. சனிக்கிழமை தோறும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் அதில் 'எப்போதாவது' ஆகிவிடுகிறார். வாரந்தோறும் அவரிடமிருந்து மருந்து கசிவது அட்டைக்குத் தெரியாது. இதைவிடத் துல்லியமான கருவி நெடுநாளாகக் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்ந்து 1989-இல் வெளியிட்ட 'ஆடிட்' வினாத்தாளில் பத்துக் கேள்விகளே உள்ளன: எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு நாளில் எவ்வளவு, தொடங்கிய பின் நிறுத்த முடியாமல் போனதுண்டா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8-ஐ எட்டினால் தீங்கான பயன்பாடு என்று கொள்ளலாம். கேட்டு முடிக்க மூன்று, நான்கு நிமிடம் போதும். 'நீ குடிகாரனா?' என்று இதில் எங்கும் கேட்கப்படுவதில்லை. சேத்துப்பட்டில் மாத்திரையை எண்ணியவர்களின் மனநிலையே இதிலும் இருக்கிறது.

கேட்டபின் என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. வியட்நாமின் தாய் நுயென் மாகாணத்தில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் 440 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர் சில அமர்வுகளில் பேசிய பேச்சே குடியற்ற நாள்களைக் கூட்டியது. சுருக்கமான அமர்வுகள் பெற்றவர்களிடையே வைரஸ் அடங்கியவர்களின் விகிதமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட உயர்ந்தது. அப்பேச்சு அறிவுரைப் பிரசங்கமாக இல்லாமல், எந்த நாளில், யாரோடு, எந்தக் கடை வழியாக வீடு திரும்பும்போது குடி நேர்கிறது என்று நோயாளியோடு சேர்ந்து கண்டுபிடிப்பதாக அமைந்தது. முழு அடிமைநிலையில் உள்ளவர்க்கு இது போதாது. அவரிடம் 'இன்றே நிறுத்து' என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்தும்கூட, ஏனெனில் திடீரென நிறுத்துவதால் வரும் வலிப்பும் மனக்குழப்பமும் உயிரையே பறிக்கக்கூடும். அவருக்கு வேண்டியது மனநல மருத்துவப் பிரிவில் கண்காணிப்போடு கூடிய சிகிச்சை.

இன்று நிலைமை பல வகையில் மேம்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் கருவுற்ற பெண்களிடையே நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியிருந்த தொற்று விகிதம் தமிழகத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2017 முதல் தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து தரப்படுகிறது. டோலுடெக்ராவிர் அடங்கிய இன்றைய மாத்திரை நாளுக்கு ஒன்றே, எதிர்ப்புக்கு எளிதில் இடம் கொடாதது. அதை விடாமல் எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியே பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. மறுபுறம், 2023-இல் 500 கடைகள் மூடப்பட்ட பின்னும் 4,829 மதுக்கடைகள் மாநிலத்தில் எஞ்சியிருந்தன. கடைகளை மூடுவதா திறப்பதா என்ற விவாதம் தொடரட்டும். அது முடியும்வரை காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை. மாத்திரை எண்ணும் மேசையிலேயே அந்தப் பத்துக் கேள்விகளையும் வைத்துவிட வேண்டும். கேட்பவருக்குக் குவார்ட்டரின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை வாசிப்பவரின் வீட்டிலோ தெருவிலோ அம்மருந்து எடுக்கும் ஒருவர் இருந்தால், அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: குடிக்காமலிருப்பது நல்லது, குறைப்பது அடுத்த நல்லது, ஆனால் குடித்துவிட்ட நாளிலும் அன்றைய மாத்திரையை விட்டுவிடக் கூடாது.